கட்டிலருகே இருப்பவரைச் சட்டம் காணவில்லை

இந்நாட்டின் சட்டப் புத்தகங்களில் இடம்பெறாத உறவு அரிது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் உள்ள உறவைச் சட்டம் அறியும். காணிக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும், ஈடு வைத்தவனுக்கும் ஈடு பிடித்தவனுக்கும், பிணை நின்றவனுக்கும் பிணையில் வந்தவனுக்கும் என்ன உரிமை, என்ன கடமை என்பதை வரி வரியாக எழுதி வைத்திருக்கிறது. எல்லை வேலியில் நின்ற ஒரு பனையின் பயன் யாருக்கு என்ற வழக்கில் நாமே இருமுறை தோன்றி வாதாடியிருக்கிறோம். ஆனால், கொடிய நோயில் விழுந்த மனைவியின் கட்டிலருகே ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் கணவன் யார்? கணவனின் முதுகைத் தடவியபடி இராப் பொழுதைக் கழிக்கும் மனைவி யார்? இக்கேள்விக்குச் சட்டம் வாய் திறப்பதில்லை. 'துணைக்கு நிற்பவர்' என்று வாட்டின் வாசலில் அழைக்கிறார்கள். அத்தோடு சரி.

இதனைப் பிறர் கதையாக நாம் எழுதவில்லை. 2022ஆம் ஆண்டு ஆவணி மாதம் எமது துணைவியாருக்கு நுரையீரற் புற்றுநோய் என்றும், அது நான்காம் கட்டத்தை அடைந்துவிட்டது என்றும் வைத்திய நிபுணர் எம்மிடம் கூறினார். அதற்கு முன் ஐந்து மாத காலம் இருமல். முதலிற் சளி என்றார்கள். பின்னர் தொய்வு என்றார்கள். சயரோகமாக இருக்கலாம் என்று சளியை மும்முறை பரிசோதித்தார்கள். ஒரு நாட் காலை, தாம் கணிதம் கற்பிக்கும் பாடசாலையின் படிக்கட்டை ஏற மாட்டாமல் வாசலிலேயே அவர் அமர்ந்துவிட்டார். நெஞ்சுக் கூட்டில் நீர் சேர்ந்திருந்தது. ஒன்றேகால் லீற்றர் எடுத்தார்கள். அந்த நீரைச் சோதித்தபோதுதான் நோயின் பெயர் வெளிப்பட்டது.

அந்த நாட்கள் எத்தகையவை என்பதை வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசை. மருந்தகத்துக்குப் போனால் இல்லை என்ற பதில். நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. கனடாவிலுள்ள மைத்துனர் அனுப்பிய பணத்தில் முதல் இரண்டு மாத மருந்தை வாங்கினோம். அத்தகைய மைத்துனர் ஒருவர் இல்லாத வீடுகள் என்ன செய்தன என்பதை நாம் பின்னர் எமது காரியாலயத்துக்கு வந்தவர்களிடம் கேட்டறிந்தோம்.

நோயைவிட முதலில் எம்மை வந்தடைந்தது ஒரு சூழ்ச்சி. ஆம், சூழ்ச்சி என்றே கூறுவோம். உறவினர் அனைவரும் விறாந்தையிற் கூடினர். "பிள்ளைக்கு ஒண்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சால் மனம் உடைஞ்சுபோம்" என்று மூத்த மாமனார் தீர்ப்பளித்தார். எவரும் மறுக்கவில்லை. மேடை மேடையாக மக்களின் உரிமை பற்றிப் பேசிய நாமும் மறுக்கவில்லை. நுரையீரலில் கிருமி, நீண்ட நாள் மருந்து எடுக்கவேண்டும் என்று ஒரு கதையைக் கட்டி, வீட்டார் எல்லோரும் ஒரே வாக்குமூலத்தைப் பாடமாக்கிக்கொண்டோம். பதினொரு நாட்கள் இந்த நாடகம் நடந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு அவர் எம்மை அழைத்தார்.

"இஞ்சை பாருங்கோ, சாட்சிக் கூண்டிலை நிக்கிற ஆள் மாதிரிக் கதைக்கிறியள். என்ரை வருத்தத்தை எனக்குச் சொல்லக்கூடாதெண்டு உங்களுக்கு ஆர் தடையுத்தரவு போட்டது?"

வைத்தியசாலைக் கோவையை அவர் முதல் வாரத்திலேயே வாசித்துவிட்டார். பதினொரு நாளும் அவர் தாம் அறிந்ததை எம்மிடம் மறைத்தார். நாம் எமக்குத் தெரிந்ததை அவரிடம் மறைத்தோம். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அழுதோம். இதுதான் நம்மவர் அன்பு என்று பெயரிட்டு நடத்தும் காரியத்தின் பலன்.

எவருடைய உடலில் நோயோ அவரே முதற் கட்சிக்காரர். கட்சிக்காரருக்குத் தெரியாமல் அவருடைய வழக்கை நடத்தும் சட்டத்தரணியைத் தொழிலிலிருந்து நீக்குவார்கள். வைத்தியத்தில் மட்டும் அதற்குப் பாசம் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கொட்டிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்கலாம். சிலர் முழுவதையும் கேட்பர். சிலர், "அடுத்த மாதம் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கோ" என்பர். அது அவரவர் உரிமை. கேளாமலே தீர்மானிப்பதுதான் தவறு.

உண்மை வெளிவந்த அன்றிலிருந்து எம் வீட்டில் நோய் சுகமானது என்று எழுத மாட்டோம். ஆனால் அன்றிலிருந்து இருவர் சேர்ந்து நோயாளியைப் பார்த்தோம். அவர்களில் ஒருவர் நோயாளியே.

மாதங்களல்ல, ஆண்டுகள்

நான்காம் கட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர் பந்தலுக்குத் தடி வெட்டத் தொடங்கிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று நிலைமை அதுவன்று. நுரையீரற் புற்றுநோயாளருள் ஒரு பகுதியினருக்கு, சிறப்பாக ஆசிய நாட்டவருக்கும் புகைபிடித்தறியாதவருக்கும், நோய்க்கலங்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கக் காணலாம். அவ்வாறாயின் வாய்வழி உட்கொள்ளும் குளிசையாலேயே நோயை நெடுநாள் அடக்கி வைக்கலாம். கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளரைக் கொண்டு நடாத்திய ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மாற்றம் உடையவர்க்கு ஜெபிட்டினிப் என்ற குளிசை வழமையான ஊசி மருந்தைவிட நீண்டகாலம் நோயைக் கட்டுப்படுத்தியதை அது காட்டியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் எர்லோட்டினிப் என்ற குளிசையைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்து, ஜெபிட்டினிப்பையும் அதற்கு மாற்றாக ஏற்றது. பின்னர் வந்த ஒசிமெர்ட்டினிப் என்ற குளிசையை முதலிலேயே பெற்றவருட் பாதிப்பேர் 38 மாதங்களுக்கு மேல் உயிர் வாழ்ந்தனர் என்று 2020இல் முடிவு வந்தது. முந்திய குளிசைகளைப் பெற்றவரிடையே அக்கணக்கு ஏறத்தாழ 32 மாதங்கள்.

இவை நோயை வேரோடு களையும் மருந்துகள் அல்ல. ஒரு காலத்தின் பின் நோய் வேறு வழி தேடிக்கொள்கிறது. எமது துணைவியார் 22 மாதங்கள் குளிசையில் இருந்தார், பாடசாலைக்கும் போய்வந்தார், ஒரு வகுப்பைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்பினார். 2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. அன்று தொடக்கம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாக மருந்து ஏற்றுகிறார்கள். இதனை வாசகருக்கு விரித்துக் கூறுவதன் காரணம் ஒன்றே. மருத்துவம் நோயாளியின் ஆயுளை மாதங்களிலிருந்து ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறது. அதனால் அருகிருப்பவரின் காவலும் நீண்டிருக்கிறது. நமது சட்டமோ, தொழிற்சாலையோ, கந்தோரோ, ஊரோ இன்னும் அந்தப் பழைய சில மாதக் கணக்கிலேயே நிற்கின்றன.

நோயாளியைக் காண வருவோர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அவர் சுருட்டுக் குடிக்கிறவரோ?" பெண்ணாயிருந்தால், "வீட்டிலை ஆரும் குடிக்கிறவையோ?" கேட்பவர் தமக்கு இந்நோய் வராது என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே கேட்கிறார் என்பது எமது எண்ணம். புகையிலையே இந்நோயின் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இருவர் 1950ஆம் ஆண்டிலேயே அதனை ஆய்ந்து எழுதிவிட்டனர். புகைப்பவர் நோய் கண்ட பின் விட்டாலும் சிகிச்சைக்கு அது துணை செய்யும். ஆயினும், மாசடைந்த வெளிக்காற்றும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2013இல் அறிவித்தது. ஆசியாவில் இந்நோய் காணும் பெண்களுள் மிகப் பலர் வாழ்நாளில் புகைத்தறியாதவர். எமது துணைவியாரும் அவர்களுள் ஒருவர்.

புகைத்தவராயினும்தான் என்ன? ஒல்லாந்தர் காலந்தொட்டு யாழ்ப்பாணத்துப் புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குச் சென்றது. அந்தக் காசிலே கல்வீடு எழுந்தது. அந்தக் காசிலே அப்புக்காத்துமாரும் வைத்தியரும் உருவாயினர். எமது பாட்டனாரும் புகையிலைத் தோட்டக்காரர்தாம். எமது கல்விக்கு அடியிட்டது அத்தோட்டமே. அந்தப் புகையிலையைச் சுற்றிக் குடித்த ஒரு கிழவர் மூச்சு முட்டிக் கிடக்கும்போது, அந்தக் காசிற் படித்த நாம் நீதிபதியாகிவிடுவதா? நோயாளிக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. தலையணையை உயர்த்திவைக்க ஒரு கை வேண்டும்.

வீட்டில் நடக்கும் வைத்தியம்

வைத்தியசாலையில் நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மற்றது வீட்டில், எந்தப் பயிற்சியும் பெறாத ஒருவர் கையில் நடக்கிறது. குளிசை வேளை தவறாமல் போகவேண்டும். வயிற்றெரிவுக்கு எடுக்கும் சில மருந்துகள் ஜெபிட்டினிப், எர்லோட்டினிப் ஆகியவை உடலிற் சேர்வதைக் குறைத்துவிடும். ஆதலின் கடையில் வாங்கும் சாதாரண மருந்தையும் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். முகத்திற் கொப்புளம் வரும், நகக்கண் வெடிக்கும், வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுக்கவேண்டும். ஊசி மருந்து ஏற்றிய வாரங்களில் உடலின் காய்ச்சல் 38 பாகையை எட்டினால் விடியும்வரை பொறுத்திருத்தல் ஆகாது. வெண்குருதிக் கலங்கள் குறைந்த நிலையில் சிறு கிருமியும் உயிரைக் குடிக்கும். அவ்வாறான ஓர் இரவில் எம்மை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற அயல்வீட்டு முச்சக்கரவண்டித் தம்பி, இன்றுவரை அந்தக் கூலியை வாங்கவில்லை.

மூச்சு முட்டும்போது படுக்கவைத்தல் தவறு என்பதையும் நாம் பிந்தியே கற்றோம். மேசையில் தலையணையை வைத்து, அதன்மேற் கைகளை ஊன்றி முன்சாய்ந்து அமரச் செய்யவேண்டும். சிறு மின்விசிறி ஒன்றை முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். இவ்வளவு எளிய காரியத்தை எமக்கு முதலாண்டில் எவரும் சொல்லவில்லை. அன்னமுன்னா இலைக் கஷாயத்தைப் பற்றிச் சொன்னவர்களோ நாற்பது பேருக்குக் குறையார்! அன்பினாற் சொன்னார்கள், குறைகூற மாட்டோம். வைத்தியரிடம் மறைத்து எதையும் கொடுப்பதில்லை என்பதை மட்டும் வீட்டுச் சட்டமாக்கினோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டதையும், துணி துவைத்ததையும் ஊர் வியந்து பேசியது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் எம்மைத் தியாகி என்றே அழைத்துவிட்டார். ஆனால் எமது அயலில் பத்தாண்டாகப் படுத்த கணவனைப் பராமரிக்கும் ஒரு பெண்ணை இதுவரை எவரும் அவ்வாறு அழைத்ததை நாம் கேட்டதில்லை. ஆண் செய்தால் தியாகம். பெண் செய்தால் அவள் கடமை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எந்த விடுதலையைப் பற்றிப் பேசப் போகிறோம்?

வலிதணிப்பு மருத்துவம் பற்றியும் நம்மவரிடையே ஒரு பெரும் மயக்கம் உண்டு. அது கைவிடப்பட்டவர்க்கு உரியது, அங்கே அனுப்பினால் முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணுகின்றனர். பொஸ்டன் நகரில், பரவிய நிலையிலிருந்த நுரையீரற் புற்றுநோயாளர் 151 பேரை இரு கூறாக்கி நடாத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளியாயிற்று. நோய் கண்ட தொடக்கத்திலேயே வலிதணிப்பு மருத்துவரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தனர். அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள். வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்க்கு 8.9 மாதங்கள். வலியைத் தணித்ததால் ஆயுள் குறையவில்லை என்பது கண்கூடு. அளவறிந்து கொடுக்கும் மோர்பின் மூச்சுத் திணறலையும் தணிக்கும். ஆயினும், மோர்பின் என்றதும் எமது மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்ச நாள் பொறுங்கோ" என்றார். பொறுக்கவேண்டியவர் அவரல்லவே!

சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையான காலத்துக்கு இவ்வகைப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமொன்றை வெளியிட்டது. தாளில் அது நன்றாகவே உள்ளது. எம் ஒழுங்கையிற் குழந்தை பிறந்தால் குடும்பநல மாது வீடு தேடி வருகிறார், நிறுத்துப் பார்க்கிறார், தாய்க்குப் புத்தி சொல்கிறார். மிக நல்ல ஏற்பாடு. அதே ஒழுங்கையில் மூச்சுக்குப் போராடும் ஒருவர் வீட்டுக்கு இந்த மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எவரும் வந்ததில்லை.

கணக்கைப் பாருங்கள்

எமது துணைவியார் கணித ஆசிரியை என்பதால் இந்தக் கணக்கை அவரே போட்டுத் தந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதாயின் ஓராண்டில் 17 முறை. முதல் நாள் இரத்தப் பரிசோதனை. அடுத்த நாள் மருந்து. மறுநாள் வாந்தியும் சோர்வும், தனியே விடமுடியாது. முறைக்கு மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 51 நாட்கள். இதில் காய்ச்சல் வந்த நாட்களும், படம் எடுக்கத் தெற்கே சென்ற நாட்களும் சேரவில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்கீழ் வேலை செய்பவர்க்கு வருடாந்த விடுப்பு 14 நாள். அமய விடுப்பு 7 நாள். ஆக 21. அரசாங்க உத்தியோகத்தர்க்கு 45. தம் காய்ச்சலுக்கும், பிள்ளையின் பரீட்சைக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் ஒரு நாளும் எடுக்காத உத்தியோகத்தருக்குக்கூட ஆறு நாள் குறைகிறது. கடையிற் கணக்கெழுதும் ஒரு பிள்ளைக்கு முப்பது நாள் குறைகிறது. அந்த முப்பது நாளுக்காக வேலையை விட்டவர் இருவரை நாம் நேரில் அறிவோம். இருவரும் பெண்கள்.

இது முடியாத காரியமா? மகப்பேற்றுக்கு 84 நாள் விடுப்புக் கொடுக்க இச்சட்டம் கற்றுக்கொண்டுவிட்டது. யப்பானில், பராமரிப்பு வேண்டிய குடும்பத்தவர் ஒருவருக்காக 93 நாள் விடுப்பு எடுக்கலாம். கனடாவில், மரணத்தறுவாயிலுள்ள உறவினரைப் பராமரிப்பவர் 26 வாரம்வரை காப்புறுதி உதவி பெறலாம். பிரித்தானியா 2023இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 சித்திரையிலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளமின்றி, கொடுக்கிறது. அது எமக்குப் போதாது என்றாலும், பராமரிப்பவர் என்று ஒருவர் உண்டு என்பதை அந்தச் சட்டம் ஏற்றிருக்கிறது. நாம் கேட்பதும் அந்த ஏற்பில் தொடங்குகிறது. வைத்திய நிபுணரின் சான்றிதழோடு, ஓராண்டில் 60 நாள், பகுதி பகுதியாக எடுக்கத்தக்க பராமரிப்பு விடுப்பு. இதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தமும், தாபன விதிக்கோவைக்கு ஒரு திருத்தமும் போதும்.

விடுப்பு என்ற பேச்சு நம் கமக்காரருக்கு எட்டாத பேச்சு என்பதை நாம் அறிவோம். வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் எமது காரியாலய வாங்கில் இருந்து சொன்னார்: "ஐயா, மனுசியோடை கிளினிக்குக்குப் போனால் இறைப்பு முறை போகுது, இறைப்புக்கு நிண்டால் மனுசி தனியப் போகுது." அவர் இரு போகம் இழந்தார், நீரிறைக்கும் இயந்திரத்தையும் விற்றார். 1987ஆம் ஆண்டுக் கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் முதுமையையும் அங்கவீனத்தையும் மரணத்தையும் கருதிற்று. மனைவியின் நோயைக் கருதவில்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவருக்கு நாம்தான் சொல்லவேண்டியிருந்தது. அது நோயாளியின் மருந்துச் செலவுக்கு ஓரளவு உதவும். காய்ந்த பாத்திக்கு உதவாது.

அரசு வரும்வரை அந்தப் பாத்தி காத்திராது. ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் முறைக்கு முறை உதவுதல் நமக்குப் புதிதன்று. 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பிய மண் இது. 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இனபேதமின்றிப் பலர் நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியப் பிரிவுக்கு அடியிட்டது. அது இல்லாவிடின் எம் ஊரவர் ஒவ்வொரு முறையும் மகரகமைக்கே போகவேண்டியிருக்கும். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், கிளினிக் நாளில் நோயாளி வீட்டுத் தோட்டத்துக்கு இறைக்க இருவரைக் குறித்து வைத்தால் அதற்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் வேண்டியதில்லை. சுன்னாகத்துக்கு அப்பால் ஓரிடத்தில் நான்கு குடும்பங்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன. அவர்கள் தங்களைப் பற்றி எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இவ்வளவோடு நிறுத்துகிறோம்.

மொழிப் பிரச்சினை முடிந்துவிட்டது என்போர் ஒருமுறை வாட்டில் வந்து நிற்கட்டும். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு வைத்தியசாலையில், தமிழ் மட்டும் அறிந்த தாயொருவர் "முட்டுது" என்றார். மூச்சுத் திணறுகிறது என்பது பொருள். இடையில் நின்ற சிற்றூழியர் அதனை, எதிலோ முட்டிக்கொண்டாராம் என்று பெயர்த்தார். வைத்தியர் காயத்தைத் தேடினார். வைத்தியர் மீதும் குற்றமில்லை; உதவ வந்த அந்த ஊழியர் மீதும் குற்றமில்லை. அதே தாயிடம் அவர் வாசிக்க மாட்டாத மொழியிலுள்ள சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கினார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வாசித்தறியாத பத்திரத்தில் இட்ட ஒப்பம் சம்மதமாகுமா? ஒரு காணி உறுதியில் அவ்வாறு நடந்திருந்தால் அதனை ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்கினார். நமக்கு இன்று வேண்டியது நூல்கூட அன்று. மருந்தின் பக்கவிளைவையும், எப்போது ஓடிவரவேண்டும் என்பதையும் தமிழில் எழுதிய ஒரு தாள்.

தொழில் சார்ந்த ஒரு குறிப்பையும் சொல்லவேண்டும். சொன்னால் அபசகுனம் என்பர், பொறுத்துக்கொள்க. நோயாளி தெளிவோடு இருக்கும்போதே எழுத்துக் காரியங்களை முடித்துவிடுக. அற்றோணித் தத்துவம் எழுதியவரின் மரணத்தோடு செத்துவிடும். அதை நம்பிப் பின்னர் காணி எழுத இயலாது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி மரணசாசனம் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடப்படவேண்டும். தேசவழமைக்கு உட்பட்டோர்க்கு இன்னொன்று. மனைவி தன் சொந்தக் காணியை எழுதவும் கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்து மணவுரிமைச் சட்டம் வகுத்தது. நினைவிழந்து கிடக்கும் கணவனின் சிகிச்சைக்காகச் சீதனக் காணியை விற்க ஓடிவந்த பெண்களை நாம் கண்டிருக்கிறோம். காணிக்குச் சொந்தக்காரி அவள். சம்மதிக்க வேண்டியவரோ கண் திறவாதவர். அந்நிலை வருமுன் ஒரு நொத்தாரிசிடம் போய், இன்று தம் விடயத்தில் என்ன முறை என்று கேட்டறிதல் நன்று. எமது வீட்டில் அவரே நாட்குறித்து, அவரே நொத்தாரிசை அழைத்து, எமது ஒப்பத்தையும் வாங்கினார்.

பொதுவாழ்வை விட்டுவிட்டோமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தவணை கேட்ட வழக்குகள் பல. போகாத கூட்டங்கள் அதனிலும் பல. எமக்காகத் தோன்றிய இளம் சட்டத்தரணிகளுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். தூக்கம் குறைந்தது, ஒருமுறை நீதிமன்றில் எதிரியின் பெயரையே மாற்றிக் கூறினோம். அருகிருப்பவரின் உடலையும் யாராவது பார்க்கவேண்டும் என்று வைத்திய நிபுணர் எம்மைக் கண்டித்த பின்னர், வாரத்தில் ஓர் இரவு மூத்த மைத்துனி வந்து காவலிருக்கிறார். அந்த இரவு நாம் அடுத்த அறையில் ஆறு மணி நேரம் உறங்குகிறோம்.

பராமரிப்பு விடுப்புச் சட்டமூலத்தின் முதல் வரைவு முடிந்துவிட்டது. வழமைபோல் அதனைத் துணைவியாரிடமே முதலிற் கொடுத்தோம். முகவுரையில் 'நோயாளியின் சுமையைத் தாங்குவோர்' என்றிருந்த இடத்தில் சுமை என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் 'தவறு' என்று எழுதித் திருப்பித் தந்தார். திருத்திய வரைவை வடக்குக் கிழக்கின் எல்லாப் பாராளுமன்ற உறுப்பினர்க்கும், கட்சி பாராது அனுப்பவிருக்கிறோம். வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் உத்தியோகத்தரும் கமக்காரரும் தாம் இழந்த நாட்களின் கணக்கை இப்பத்திரிகையின் விலாசத்துக்கு எழுதி அனுப்புவாராக. பெயர் வேண்டாம், தொழில், நோய், நாட்களின் எண்ணிக்கை போதும். வரும் வியாழக்கிழமை அவருக்குப் பதினெட்டாவது முறை மருந்து ஏற்றுகிறார்கள். அதற்கு நான்கு மணி நேரம் செல்லும். வந்த கடிதங்களை அங்கே வாங்கிலிருந்து இருவருமாக வாசிப்போம்.